இக்பால் மெட்ராஸ் வந்த கதையும் அக்கா மகன் கேட்ட கேள்வியும்

ரொம்ப நாளா எழுதணும்னு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. கொஞ்சம் பர்சனல், மிச்சம் எல்லாம் சரித்திரம்.

எங்க வீடு ரமணாசிரமத்துக்குப் பக்கத்துல, செங்கம் ரோட்டை ஒட்டின ஒரு சந்துல இருக்கு. இந்த ஏரியாவுல டீக்கடை பெஞ்சுல நாலு பேர் இருந்தா ரெண்டு பேராவது வெளிநாட்டுக்காரங்களா இருப்பாங்க. சர்ச்சில் நம்பிக்கை போச்சு, அப்பறம் எதுலயுமே நம்பிக்கை போச்சு, அதான் மலையைத் தேடி வந்தேன்னு சத்தமா, வெட்கமில்லாம பேசுவாங்க. ரமணர் காலத்துலயே அலகாபாத் பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர் முகமது ஹஃபீஸ் சையத் இங்கே வந்து கேள்வி கேட்டிருக்கார். 1964ல் ஆசிரமத்தின் 'மௌண்டன் பாத்' இதழைத் தொடங்கி நடத்திய ஆர்தர் ஆஸ்பர்னும் இங்கே வருவதற்கு முன்னால் சூஃபி வழியில் தீட்சை வாங்கியவர்தான். ஆக, கேள்வி கேட்கறவங்களுக்கு இந்தத் தெரு புதுசில்லை. எங்க வீடுகளுக்குத்தான் புதுசு.

போன மாசம் அக்கா மகன் பெங்களூர்லேர்ந்து வந்திருந்தான். சாப்ட்வேர் வேலை. "அஸருக்குக் கிளம்பறேன், வர்றியாடா?"ன்னு கேட்டேன். "நீங்க போயிட்டு வாங்க மாமா"ன்னுட்டான். ராத்திரி சாப்பிட்டுட்டு நடக்கப் போனப்போ அவனா ஆரம்பிச்சான். "மாமா, எனக்கு ஈமான் இருக்கான்னே தெரியல. நாலு வருஷமா அம்மாவுக்காகத்தான் தொழுதுக்கிட்டு இருக்கேன்."

என் வாயிலேர்ந்து முதல்ல வந்தது "அஸ்தஃபிருல்லாஹ்". அடுத்து வந்தது, "யாரு கூடடா பழகுற?" அவ்வளவுதான், பையன் முகத்தை மூடிக்கிட்டான். வீடு வர்ற வரைக்கும் கிரிக்கெட் பத்திப் பேசினோம்.

அன்னிக்குத் தூக்கம் வரலை. சின்ன வயசுல ஓதப் போன இடத்துல, "எல்லாத்தையும் அல்லாஹ் படைச்சான்னா அல்லாஹ்வை யார் படைச்சா?"ன்னு கேட்டு உள்ளங்கையில் பிரம்படி வாங்கினவன் நான். அதே பிரம்பைத்தான் நானும் எடுத்திருக்கேன், என்ன, என்னுது நாக்கு.

சரி, விஷயத்துக்கு வருவோம். படிச்ச முஸ்லிம் பிள்ளைகளுக்கு நம்பிக்கை ஆட்டம் காணறது இண்டர்நெட் வந்த பிறகு வந்த வியாதின்னு நம்ம ஆளுங்க நினைக்கறாங்க. நூறு வருஷம் முன்னாடியே மெட்ராஸில் இதுக்காகக் கவலைப்பட்ட ஒரு தமிழர் இருந்தார். தோல் வியாபாரி, ஜமால் முகமது ராவுத்தர். (1951ல் திருச்சியில் தொடங்கின ஜமால் முகமது கல்லூரி, அவர் பேர்தான்.) மெட்ராஸில் கல்லூரி மாணவர்களுக்காகக் கிறிஸ்தவம் பத்தின சொற்பொழிவுகளுக்கு ஒரு அமெரிக்கர் பணம் கொடுத்து வந்தார். அதைப் பார்த்து, இங்கிலீஷ் படிக்கிற நம்ம பிள்ளைகளுக்கும் இப்படி ஒண்ணு வேணுமேன்னு இங்கிருந்த முஸ்லிம் கல்விச் சங்கத்தார் நினைச்சாங்க. செலவை ஜமால் முகமது ஏத்துக்கிட்டார்.

அவங்க கூப்பிட்ட ஆட்களைப் பாருங்க. 1925ல் சையித் சுலைமான் நத்வி. எட்டு சொற்பொழிவு, உருதுவில். 'குத்பாத்தே மத்ராஸ்'னு உருது உலகம் முழுக்க இன்னிக்கும் அந்தப் புத்தகத்துக்கு நம்ம ஊர் பேர்தான். நபிகளாரின் வாழ்க்கையை வெறும் புகழ்ச்சியா இல்லாம, எந்த அளவுக்குச் சரித்திரத்தில் பதிவாகி இருக்குன்னு ஒரு வரலாற்று மாணவன் கேட்கிற மாதிரி கேட்டு, அப்படியே பதில் சொன்னார். 1927ல் பிக்தால் வந்தார். இங்கிலீஷ் நாவலாசிரியர், 1917ல் இஸ்லாத்தை ஏத்துக்கிட்டவர். இஸ்லாமியப் பண்பாடு எப்படி உயர்ந்தது, ஏன் சரிஞ்சதுன்னு பேசினதோட விடலை. இந்திய முஸ்லிம்கள் பெண்களை அடைச்சு வெச்சிருக்கிற முறையை மேடையிலேயே கடுமையாக் கண்டிச்சார். காசு கொடுத்துக் கூப்பிட்டவங்க முன்னாடி!

1929 ஜனவரியில் இக்பால். இடம் கோகலே ஹால். அது இருக்கிற ஆர்மீனியன் தெருவைத்தான் நம்ம ஜனங்க 'அரண்மனைக்காரன் தெரு' ஆக்கிட்டாங்க. :-) மூணு உரை, எல்லாம் இங்கிலீஷில். அறிவும் சமய அனுபவமும், அந்த அனுபவத்துக்கான தத்துவச் சோதனை, கடவுள் பத்தின கருத்தும் தொழுகையின் பொருளும். பிறகு எழுதின உரைகளோட சேர்ந்து, 1930ல் லாகூரில் அது புத்தகமாச்சு.

ஒத்துக்கறேன், அந்தப் புத்தகம் எனக்குப் பாதிதான் புரிஞ்சது. ஐன்ஸ்டீன், பெர்க்சன், வைட்ஹெட்னு போய்க்கிட்டே இருக்கும். ஆனா முன்னுரை புரிஞ்சது. தத்துவத்தில் கடைசி முடிவுன்னு ஒண்ணு கிடையாது, அறிவு வளர வளர இதைவிட நல்ல கருத்துகள் வரலாம்னு அவரே எழுதறார். சந்தேகப்படறவனை எதிரியா நினைக்கறவர் எழுதற வரியா இது? பரிணாமம் பத்திப் பேசறப்போ, ஜாஹிஸ், இப்னு மிஸ்கவைஹ்னு டார்வினுக்குப் பல நூற்றாண்டு முந்தின முஸ்லிம் எழுத்தாளர்களைக் கொண்டு வந்து நிறுத்தறார். அவங்க சொன்னது டார்வின் சொன்னது இல்லைதான். ஆனா இந்தக் கேள்வியைப் பார்த்து யாரும் கதவைச் சாத்தலைங்கறது தெரியுது.

எனக்கு ஒரே குறை. உருதுவில் ஒருத்தர், இங்கிலீஷில் ரெண்டு பேர். தமிழ் மட்டும் தெரிஞ்ச நம்ம ராவுத்தர், மரைக்காயர், லெப்பை வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரு?

அந்த வேலையைத் தனி ஆளா இழுத்தவர் நாச்சியார்கோவில் பா. தாவூத் ஷா (1885-1969). சப் மாஜிஸ்திரேட் உத்தியோகத்தை விட்டுட்டு வந்தவர். லண்டன் பக்கத்து வோக்கிங் பள்ளிவாசலுக்குப் போய் அங்கிருந்த மிஷன்ல இருந்துட்டு வந்தார். 'தாருல் இஸ்லாம்' பத்திரிகையைப் பல வருஷம் நடத்தினார். குர்ஆனைப் புரிஞ்சு படி, குத்பாவைத் தமிழில் சொல்லு, மூடப்பழக்கத்தை விடுன்னு எழுதித் தள்ளினார். அவர் கருத்து எல்லாத்தையும் ஏத்துக்கணும்னு இல்லை, எனக்கே சிலதில் உடன்பாடில்லை. ஆனா அவருக்குக் கிடைச்ச மரியாதை என்ன? காதியானின்னாங்க, காஃபிர்னே சொன்னாங்க. இன்னிக்கு எத்தனையோ ஊர்ல ஜும்ஆ அன்னிக்குத் தமிழ்ல பயான் கேட்கிறோம். அதுக்காக அடி வாங்கினவர் பேர் பாதிப் பேருக்குத் தெரியாது.

இன்னும் பின்னாடி போனா இமாம் கஸாலி. தன் கதையை அவரே எழுதியிருக்கார். நட்சத்திரம் கண்ணுக்குக் காசு அளவு தெரியுது, கணக்கு போட்டா பூமியை விடப் பெரிசு. அப்போ கண்ணை நம்பறதா? கண்ணைப் பொய்னு சொன்ன அறிவை மட்டும் எப்படி நம்பறது? ரெண்டு மாசம் எதையுமே நம்ப முடியாம கிடந்தேங்கறார். வெளியே காட்டிக்கலை, உள்ளுக்குள்ள அப்படி. அதுலேர்ந்து மீட்டது தர்க்கம் இல்லை, அல்லாஹ் நெஞ்சில் போட்ட ஒரு ஒளின்னு சொல்றார். அப்பறம் 1095ல், பாக்தாத் நிஜாமியாவில் பெரிய பதவியில் இருக்கறப்போ, பாடம் நடத்த வாயைத் திறந்தா பேச்சு வரலை. சோறு இறங்கலை. வைத்தியர்கள் கையை விரிச்சுட்டாங்க. எல்லாத்தையும் விட்டுட்டுக் கிளம்பிட்டார். 'ஹுஜ்ஜத்துல் இஸ்லாம்'னு உலகமே கொண்டாடற மனுஷன்! அவர்கிட்ட யாரும் "எவன் கூட பழகுற?"ன்னு கேட்டிருக்க மாட்டாங்க.

மறுநாள் காலைல பையன்கிட்ட முதல்ல மன்னிப்பு கேட்டேன். "மாமா, அதெல்லாம் எதுக்கு"ன்னு நெளிஞ்சான். அப்பறம் இந்தக் கதை எல்லாத்தையும் சொன்னேன். உடனே தொழ வாடான்னு கூப்பிடலை. ஸஹாபாக்களே நபிகளார்கிட்ட வந்து, வாயால சொல்லவே அஞ்சற எண்ணமெல்லாம் மனசுல வருதுன்னு சொன்னப்போ, அவங்க திட்டலை, அதுவே தெளிவான ஈமான்னு சொன்னாங்கன்னு முஸ்லிம் ஹதீஸ் நூலில் வருதே, அதையும் சொன்னேன்.

ரொம்ப நேரம் பேசாம இருந்தான். "இக்பால் மெட்ராஸ் வந்தது எனக்குத் தெரியவே தெரியாது மாமா. பாட்டுதான் தெரியும்"னான். பிறகு, "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

சொல்லலை. அக்கா என் பதிவெல்லாம் படிக்கறதில்லை, தைரியமா எழுதறேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல விட்டேன். கஸாலி புத்தகத்தை, மாண்ட்கோமரி வாட் இங்கிலீஷில் மொழிபெயர்த்தது, பையில் திணிச்சான். ராத்திரி பதினோரு மணிக்குப் போன். கிருஷ்ணகிரி தாண்டிட்டேன்னு சொல்லப் போறான்னு எடுத்தேன். "மாமா, அந்த ஒளி மேட்டர் எனக்கு ஒத்துக்கவே முடியலை. அது எல்லாருக்கும் ஏன் வரலை? தூக்கம் வருதா உங்களுக்கு, பேசலாமா?"

எழுந்து உட்கார்ந்து லைட்டைப் போட்டேன்.