வடிதல்

வடிதல் என்பது நீர்மம் மெல்ல வெளியேறுவதையும், வெளியேறிக் குறைந்து ஓய்வதையும் குறிக்கும் வினை. காயத்தில் இரத்தம் வடிகிறது என்றால் வெளிவருகிறது. ஆற்றில் வெள்ளம் வடிகிறது என்றால் இறங்குகிறது. கொட்டுதல், பொழிதல் ஆகிய உறவுச் சொற்களுக்கு இந்த இரட்டைத்தன்மை இல்லை. பிறவினையான 'வடித்தல்' வேறு பக்கம் கிளைக்கிறது: சோறு வடிப்பது, காது வடிப்பது, சிலை வடிப்பது. புறநானூறு 312ஆம் பாடலில் பொன்முடியார் கொல்லனின் வேல் வேலைக்கும் இச்சொல்லையே ஆள்கிறார்.

வடிதலின் இரு பொருளையும் ஒரே காலைப்பொழுதில் காட்டுவது ரப்பர்த் தோட்டம். மலேசியாவின் வடசிலாங்கூரில், இன்று புக்கிட் பெருந்துங் நகரியம் இருக்கும் வட்டாரத்திலும் கோலசிலாங்கூர்ப் பக்கத்திலும் தோட்டத் தமிழர்கள் இருட்டிலேயே பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பை முடித்து, மர வரிசையான நிரைக்குப் போனார்கள். அவசரத்துக்குக் காரணம் உண்டு. பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் விடியுமுன்தான் மிகுதி. வெயில் ஏறி இலைகள் நீரை இழந்தால் அது தளர்ந்துவிடும். வெட்டியதும் விரைந்து ஓடும் பால், போகப்போகச் சொட்டாகி, சில மணி நேரத்தில் குழாய்களின் வாய் அடைபட்டு நின்றுபோகும். நின்றபின் மங்கு என்ற கிண்ணத்தில் சேர்ந்ததைக் காண்டா என்ற காவடித்தடியில் தூக்கும் வாளிக்கு மாற்றுவார்கள். வெட்டுவாயில் காய்ந்து ஒட்டியிருப்பது ஒட்டுப்பால், அதையும் விடுவதில்லை. பட்டை மழையில் நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு மரமெங்கும் பரவி வீணாகும். அதை வடிதல் என்று சொல்வது பொருந்தாது, அது வழிதல். வடிதலுக்குத் தடம் வேண்டும். மரத்தைச் சாகவிடாமல் பட்டையை மெல்லச் சீவித் தடம் போடும் முறையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் சோதித்து வகுத்தவர் ஹென்றி ரிட்லி. பின்னாளில் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின.

உணர்ச்சிக்கு வரும்போதும் தன்வினை, பிறவினை வேறுபாடு விளையாடுகிறது. கண்ணீர் வடிந்தது என்றால் நம்பிவிடுகிறோம். வடிக்கிறார் என்றால் முதலையோ நீலியோ நினைவுக்கு வருவதுண்டு. சூதறியாப் பிள்ளைக்குப் பால்வடியும் முகம். கோபமோ வெள்ளம்போல ஏறும், வடியும். அதை யாரும் வடிப்பதில்லை. மனக்குமுறல் வெளியேற ஒரு வழி இருந்தால் அதற்கு 'வடிகால்' என்று பெயர். வயலிலிருந்து மனத்துக்கு வந்த சொல் இது. மலாயாவில் 1932இல் தொடங்கிய அரசுத் துறையைத் தமிழில் வடிகால், நீர்ப்பாசனத் துறை என்கிறார்கள். அங்கே அதற்கு மழைநீரும் வாய்க்காலும் மட்டுமே பொருள்.