'பியாஸா': ஒரு கவிஞனும் அவனைக் கேட்ட செவிகளும்

இந்தியத் திரைப்பட வரலாற்றில் கவிஞனைக் கதைத் தலைவனாகக் கொண்ட படங்கள் மிகுதியாக இல்லை. அவற்றுள்ளும் கவிதையை ஓர் அலங்காரமாகக் கருதாமல் கதையின் உயிர்நாடியாகவே கொண்ட படங்கள் மிகச் சிலவே. அச்சிலவற்றுள் முன்னிற்பது 1957ஆம் ஆண்டில் வெளிவந்த 'பியாஸா' என்னும் இந்திப் படம். தாகம் கொண்டவன் என்பது அப்பெயரின் பொருள். குருதத் தயாரித்து, இயக்கி, தாமே தலைமை வேடமும் ஏற்ற படம் இது. உரையாடலை அப்ரார் ஆல்வியும், பாடல்களைச் சாஹிர் லுதியான்வியும் எழுதினர், இசை எஸ்.டி. பர்மன், ஒளிப்பதிவு வி.கே. மூர்த்தி. எழுதியவன் உயிரோடு இருக்கையில் அவன் எழுத்தை ஏறெடுத்தும் பாராத உலகம், அவன் மறைந்தான் என்று அறிந்ததும் அவ்வெழுத்துக்கு மாலை சூட்டுகிறது. அந்த மாலை யாருக்கு உரியது என்பதே படம் எழுப்பும் வினா. எழுதுகோல் ஏந்திய எவரும் இவ்வினாவைத் தமக்கு அயலானது என்று ஒதுக்கிவிட இயலாது.

காலமும் களமும்

நாடு விடுதலை பெற்றுப் பத்தாண்டுகள் நிறைவுற்ற ஆண்டு 1957. இந்தித் திரையுலகம் பெரும் படங்கள் பலவற்றைக் கண்ட ஆண்டும் அதுவே. 'மதர் இந்தியா', 'நயா தௌர்', 'தோ ஆங்கேன் பாரஹ் ஹாத்' ஆகியவை அவ்வாண்டிலேயே வெளிவந்தன. உழைப்பின் மாண்பையும் புதிய இந்தியாவின் நம்பிக்கையையும் அப்படங்கள் தத்தம் போக்கில் பேசின. 'நயா தௌர்' படத்திற்கும் பாடல் எழுதியவர் சாஹிரே. ஒரே ஆண்டில், ஒரே கவிஞர், கைகோத்து உழைக்கும் மக்களின் உற்சாகத்தையும், உழைப்புக்கும் கவிதைக்கும் இடமளிக்காத நகரத்தின் மீதான கசப்பையும் பாடினார். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. நம்பிக்கை பொய்த்துவிடுமோ என்னும் அச்சமே அக்கசப்பின் ஊற்று.

சாஹிர் 1921இல் லுதியானாவில் பிறந்தவர். இயற்பெயர் அப்துல் ஹயீ. முற்போக்கு எழுத்தாளர் இயக்கத்தின் வழிவந்த உருதுக் கவிஞர். திரைக்கு வருமுன்னரே 'தல்கியான்' என்னும் தொகுப்பால் புகழ்பெற்றவர். குருதத்தோ 1925இல் பெங்களூரில் பிறந்து, கல்கத்தாவில் வளர்ந்து, 1940களின் தொடக்கத்தில் அல்மோராவில் உதயசங்கரின் கலைக்கூடத்தில் நடனம் பயின்றவர். பின்னர்ப் புனேயின் பிரபாத் நிறுவனத்தில் பணியாற்றினார். 1951இல் 'பாஜி' படத்தின் வழியாக இயக்குநரானார். 'ஆர் பார்' (1954), 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் 55' (1955) போன்ற அவருடைய படங்கள் இலகுவானவை, மக்கள் மனங்கவர்ந்தவை. அவ்வெற்றிகள் ஈட்டித்தந்த துணிவால், நெடுநாளாக நெஞ்சில் சுமந்த கதையை அவர் கையில் எடுத்தார். கதை நிகழும் களம் கல்கத்தா. அவர் இளமையில் நடந்து திரிந்த நகரம்.

கதையின் போக்கு

விஜய் வேலையற்ற கவிஞன். பசியையும் வறுமையையும் பாடும் அவன் கவிதைகளை அச்சிடப் பதிப்பகத்தார் எவரும் முன்வரவில்லை. சொந்த அண்ணன்மார் அவனுடைய கையெழுத்துப் படிகளைப் பழைய காகிதக் கடைக்கு விற்றுவிடுகின்றனர். அதை விலைகொடுத்து வாங்கியவள் குலாபோ என்னும் விலைமகள். ஓரிரவு தன் வரிகளையே அவள் வாயிலிருந்து கேட்டு விஜய் அவளைப் பின்தொடர்கிறான். வாடிக்கையாளன் என்று எண்ணியவள், அவனிடம் காசில்லை என்று அறிந்ததும் விரட்டிவிடுகிறாள். அவன் விட்டுச்சென்ற தாளில் உள்ள கையெழுத்தைக் கண்ட பின்னரே, தான் விரட்டியது தான் போற்றும் கவிஞனை என்று அவளுக்குப் புலனாகிறது.

கல்லூரிக் காலத்தில் விஜயைக் காதலித்த மீனா, வாழ்க்கைப் பாதுகாப்பை நாடிப் பதிப்பகச் செல்வர் கோஷை மணந்துவிட்டாள். இருவருக்கும் இடையிலான பழைய உறவை ஐயுற்ற கோஷ், விஜய்க்கு வேலை கொடுத்துத் தன் அருகிலேயே வைத்துக்கொள்கிறார். தாயின் மறைவு விஜயின் கடைசிப் பற்றையும் அறுக்கிறது. குளிரில் நடுங்கும் பிச்சைக்காரன் ஒருவனுக்கு அவன் தன் மேலங்கியைக் கொடுக்கிறான். இரயில் பாதையில் நேர்ந்த விபத்தில் பிச்சைக்காரன் மாள, அங்கியைக் கொண்டு இறந்தவன் விஜய் என்று உலகம் முடிவு செய்கிறது. குலாபோவின் முயற்சியால் கவிதைகள் நூலாகின்றன. ஊரே அதைக் கொண்டாடுகிறது. மருத்துவமனையில் கிடந்த விஜய், தன் வரிகளைச் செவிலி படிக்கக் கேட்டு விழித்தெழுந்து, அவற்றை எழுதியவன் தானே என்கிறான். அவனைப் பித்தன் என்று அடைத்துவைக்கின்றனர். நண்பனும், பதிப்பாளரும், உடன்பிறந்தாரும் அவனைத் தெரியாது என்று கைவிரிக்கின்றனர். இறந்த கவிஞனால் விளையும் ஆதாயம், உயிருள்ள கவிஞனால் கெட்டுவிடும் அல்லவா!

பாடலும் ஓதலும்

இப்படத்தின் பாடல்கள் கதையை நிறுத்திவைத்துப் பாடப்படுபவை அல்ல. தலைவன் கவிஞனாதலால் அவன் பேச்சே பாட்டாகிறது. விஜயின் கவிதைகள் பல, பக்கவாத்தியங்களின் ஆரவாரம் மிகக் குறைந்து, முஷாயராவில் கவிஞர் தாமே இராகமிட்டு ஓதும் முறைக்கு நெருங்கி அமைந்துள்ளன. சொல்லை முன்னே நடக்கவிட்டு இசையைப் பின்னே நிறுத்திய பர்மனின் அடக்கம் பாராட்டத்தக்கது. முகம்மது ரஃபியின் குரல் அங்கே பாடுகிறது என்பதைவிடச் சிந்திக்கிறது என்பதே பொருந்தும்.

விலைமகளிர் தெருவில் விஜய் தள்ளாடியபடி பாடும் பாடலுக்கு ஒரு முன்வரலாறு உண்டு. சாஹிர் முன்னரே எழுதிய 'சக்லே' என்னும் உருதுக் கவிதையே அங்குப் பாடலாயிற்று. மூலத்தின் பல்லவி பாரசீகச் சொற்கள் செறிந்தது. திரைக்காக அதை எளிய இந்துஸ்தானிக்கு மாற்றிய சாஹிர், நாட்டின் பெருமையைப் பேசுவோர் இப்போது எங்கே என்று கேட்கும் நேர்வினாவாக அதை ஆக்கினார். இம்மாற்றத்தால் கவிதையின் கூர்மை மழுங்கவில்லை. முன்னர்க் கற்றோர் அவையை நோக்கியிருந்த வினா, இப்போது திரையரங்கின் தரைவரிசையில் அமர்ந்தவரையும் நோக்கித் திரும்பிற்று. கவிதையைப் பலருக்கும் எட்டச் செய்வதென்றால் அதன் பொருளை நீர்க்கச் செய்தே ஆகவேண்டும் என்னும் கூற்றுக்கு இது நல்ல மறுமொழி.

பாடலின் பெருமை சொல்லுக்கா இசைக்கா என்னும் வழக்கு படத்திற்கு வெளியேயும் நிகழ்ந்தது. இணைந்து பல படங்களைத் தந்த பர்மனும் சாஹிரும் 'பியாஸா'வுக்குப் பின் பிரிந்தனர். கவிஞனுக்கு உரிய இடம் எது என்று கேட்கும் படமே அப்பிரிவின் எல்லைக்கல்லாக அமைந்தது.

நடிப்பின் மௌனம்

விஜயின் வேடத்தைக் குருதத் முதலில் திலீப் குமாருக்கே எண்ணியிருந்தார். அவர் ஏற்காமையால் தாமே நடிக்க நேர்ந்தது. பெருநடிகருக்குரிய குரல்வளமோ முகபாவ விரிவோ குருதத்திடம் இல்லை. ஆயினும் அக்குறையே இவ்வேடத்திற்கு நிறைவாயிற்று. கோஷின் இல்லத்தில் கவிஞர்கள் கூடியிருக்கும் விருந்தில், விஜய் பணியாளனாக மதுத்தட்டு ஏந்தி வருகிறான். சுவரோரம் நூலடுக்கின் பக்கம் நின்றபடி, ஹேமந்த் குமாரின் குரலில் காதலின் தோல்வியைப் பாடுகிறான். அவன் உடலில் அசைவு மிகக் குறைவு. மூர்த்தியின் ஒளிப்பதிவுக் கருவி அவனை நோக்கி மெல்ல நகர்கிறது. விழியோரத்தில் மட்டுமே துயரம் தெரிகிறது. அழுதுகாட்டும் நடிகரெனில் அக்காட்சி இரக்கத்தைத் தேடுவதாகிவிடும். குருதத்தின் அடக்கமோ அதற்குத் தன்மானத்தைத் தருகிறது.

அதே காட்சியில் மாலா சின்ஹாவின் மீனாவும், ரஹ்மானின் கோஷும் நோக்கத்தக்கவர்கள். பாடலைக் கேட்டு மீனா கண்ணீரை அடக்குகிறாள். கோஷ் பாடுபவனையும் மனைவியையும் மாறிமாறிப் பார்க்கிறார். ஒரு சொல்லும் பேசாமல் மூவரின் வரலாறும் அங்கே வெளிப்படுகிறது. மீனாவைக் கொடியவளாகக் காட்டியிருத்தல் எளிது. மாலா சின்ஹா அவளை, தன் தேர்வின் விலையை அறிந்தும் அதைத் திருப்பிக்கொடுக்க இயலாதவளாகக் காட்டினார். ரஹ்மானோ குரலை உயர்த்தாமலே அச்சுறுத்தினார். அவருடைய கோஷ் வணிகத்தின் நாகரிக முகம்.

படத்தின் பெரும் வியப்பு வஹீதா ரஹ்மான். 1938இல் செங்கல்பட்டில் பிறந்து, பரதநாட்டியம் பயின்று, 'ரோஜுலு மாராயி' (1955) என்னும் தெலுங்குப் படத்தின் நடனத்தால் அறியப்பட்டவர். 1956இல் 'சி.ஐ.டி.' வழியாக இந்திக்கு அழைத்துவந்தவர் குருதத்தே. குலாபோவாக நடித்தபோது அவருக்கு அகவை இருபதும் நிரம்பவில்லை. காவலர் துரத்த ஓடிவரும் குலாபோவை, இவள் என் மனைவி என்று விஜய் சொல்லிக் காக்கிறான். அச்சொல்லைக் கேட்ட அவள் முகத்தில் நன்றியும் நாணமும் தகுதியின்மை என்னும் வேதனையும் ஒன்றையொன்று தொடர்கின்றன. தெருவில் வைணவக் கீர்த்தனம் ஒன்று கீதா தத்தின் குரலில் ஒலிக்க, விஜய் மாடிக்கு ஏறிச் செல்கிறான், அவள் பின்தொடர்கிறாள். அவன் தோளில் தலைசாய்க்க நெருங்கி, தொடாமலே நின்று, திரும்பி இறங்கிவிடுகிறாள். கண்ணனை வேண்டும் பாடல் பெண்ணொருத்தியின் நெஞ்சைப் பேச, அவள் விழிகள் அதற்கு அபிநயம் பிடிக்கின்றன. கைமுத்திரை இல்லாத அபிநயம் அது. நடனம் பயின்ற இருவர் இப்படத்தில் ஆடாமலே நிற்பதால் சாதித்தவை பல. எப்போது அசையக்கூடாது என்பதையும் நடனப் பயிற்சி கற்பிக்கிறது போலும்.

ஜானி வாக்கரின் அப்துல் சத்தார் வெறும் நகைச்சுவைக்காகச் சேர்க்கப்பட்டவன் அல்லன். எண்ணெய் தேய்த்துத் தலைபிடித்துவிடும் அத்தெருத் தொழிலாளியே மனநோய் விடுதியிலிருந்து விஜய் தப்ப வழி செய்கிறான். கற்றவர் கைவிட்ட கவிஞனைத் தாங்கியவர்கள் தெருவோரத்தார் இருவரே. லீலா மிஸ்ராவின் தாயும் இவ்வரிசையில் சேர்வார். மகனின் கவிதை புரியாவிடினும் அவன் பசி புரிந்தவர்.

நினைவுக்கூட்டம்

விஜய்க்காக எடுக்கப்படும் நினைவுக்கூட்டமே படத்தின் சிகரம். மேடையில் கோஷ் புகழுரை ஆற்றுகிறார். அரங்கின் வாயிலில், பின்னிருந்து ஒளி படர, இரு கைகளையும் நிலைச்சட்டத்தில் விரித்தபடி விஜய் நிற்கிறான். சிலுவையில் அறையப்பட்ட உருவத்தை அக்காட்சி நினைவூட்டுகிறது. தாழ்ந்த குரலில் தொடங்கும் பாடல், படிப்படியாக உயர்ந்து, இந்த உலகமே எனக்கு வேண்டா என்னும் அறைகூவலாகிறது. பின்னர், ஆதாயம் திசைமாறியதும், மறுத்தவர்களே அவனை விஜய் என்று ஒப்புக்கொள்கின்றனர். அப்போது அவனோ, தான் விஜய் அல்லன் என்று அவையில் மறுத்துவிடுகிறான். மீனாவிடம் அவன் சொல்லும் விளக்கத்தில் தனிமனிதர் எவர் மீதும் குற்றச்சாட்டு இல்லை; மனிதரை இவ்வாறு ஆக்கிவைத்த சமூக அமைப்பின் மீதே அவன் முறையீடு. குலாபோவை மட்டும் உடனழைத்துக்கொண்டு அவன் புறப்படுகிறான்.

இம்முடிவைத் தோல்வி மனப்பான்மை என்று குறை கூறுதல் கூடும். உலகை மாற்றப் போராடாமல் விலகிச் செல்லுதல் முற்போக்குக் கவிஞனுக்கு அழகா என்னும் வினா நேர்மையானதே. ஆயினும் அவன் துறப்பது கவிதையை அன்று. கவிதையின் மேல் பிறர் ஒட்டிய பெயர்ச்சீட்டை. புகழ் வணிகப்பொருளாகிவிட்ட இடத்தில், தன் பெயரை விற்க மறுப்பதும் ஒருவகைப் போராட்டமே.

காலத்தின் தீர்ப்பு

உலகம் கவிஞனைப் புறக்கணிக்கும் என்று கூறிய படத்தை உலகம் புறக்கணிக்கவில்லை; 'பியாஸா' வெளிவந்தபோதே வெற்றி பெற்றது. புறக்கணிப்பு அடுத்த படத்திற்குக் காத்திருந்தது. இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படமான 'காகஸ் கே ஃபூல்' 1959இல் தோல்வியுற்றது. அதன்பின் குருதத் தம் பெயரில் எப்படத்தையும் இயக்கவில்லை. 1964 அக்டோபர் 10 அன்று, 39ஆம் அகவையில் அவர் மறைந்தார். தோல்வியுற்ற அப்படமே பின்னாளில் பெரிதும் போற்றப்பட்டது. விஜயின் கதை, அதைப் படைத்தவர் வாழ்வில், அவர் கேட்க இயலாத காலத்தில் நிறைவேறியது. ஒளிப்பதிவாளர் மூர்த்திக்கு 2008ஆம் ஆண்டுக்கும், வஹீதா ரஹ்மானுக்கு 2021ஆம் ஆண்டுக்கும் தாதாசாகேப் பால்கே விருதுகள் வழங்கப்பட்டன. 2015இல் புதுப்பிக்கப்பட்ட 'பியாஸா' வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது.

விருதுகளையும் விழாக்களையும்விடப் படத்தின் ஒரு சிறு செய்தி இலக்கிய அன்பர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது. நினைவுக்கூட்டத்தில் திரண்ட கூட்டம் விஜயின் பெயரைப் போற்றுகிறது; வாயிலில் நிற்பவனை அடையாளம் காணவில்லை. குலாபோவுக்கோ தொடக்கத்தில் அவன் பெயர் முதன்மையாக இல்லை, வரிகளே போதுமாயிருந்தன. எடைக்கு விற்ற காகிதத்திலிருந்து அவற்றை மீட்டு, மனப்பாடம் செய்து, தெருவில் பாடினாள். பதிப்பாளர் இல்லாத நாளில் அவளே கவிஞனின் பதிப்பு. அவை கூடாத நாளில் அவளே அவை. கவிஞனின் தாகத்தைத் தணித்தது, மாலை மரியாதைகளுக்கு முன்னரே வந்துவிட்ட அந்த ஒரு வாசகியின் செவியே.