ஜாவா இணையச் செயலிகளில் செஷன், ரெக்வெஸ்ட் தரவு

இணையச் செயலிக்குள் வரும் தரவை எங்கே வைப்பது, எவ்வளவு நேரம் வைப்பது, யாருக்காக வைப்பது என்பதை ஒழுங்குபடுத்தும் ஏற்பாடே செஷன், ரெக்வெஸ்ட் தரவு மேலாண்மை. உலாவி ஒன்றைக் கேட்டுப் பதில் வாங்குவதற்குள் வாழ்ந்து முடிவது ரெக்வெஸ்ட் தரவு. உள்நுழைந்தது முதல் வெளியேறும்வரையோ நேரம் கடந்து காலாவதியாகும்வரையோ கூடவே வருவது செஷன் தரவு. தமிழில் முன்னதைக் கோரிக்கை என்றும் பின்னதை அமர்வு என்றும் எழுதுவதுண்டு. கோவை சரவணம்பட்டியிலும், 2010-ல் திறக்கப்பட்ட விளாங்குறிச்சி சாலை டைடல் பார்க்கிலும் நிரல் எழுதுவோர் செஷன், ரெக்வெஸ்ட் என்றே பேசுகிறார்கள். இக்கட்டுரையும் அப்படியே எழுதுகிறது.

சிக்கலின் வேர் எச்டிடிபி நெறிமுறையில் இருக்கிறது. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய அந்த நெறிமுறைக்கு நினைவாற்றல் கிடையாது. ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டும் முன்பின் அறியாத ஆள் வந்து கேட்பது போலத்தான். ஆவணங்களைப் படிக்க அது போதும். கடை நடத்தப் போதாது. 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மாண்டுல்லி குக்கியைக் கொண்டுவந்தார். சர்வர் ஒரு சிறு குறிப்பை உலாவியிடம் கொடுக்கும். அடுத்த முறை வரும்போது உலாவி அதைத் திருப்பிக் காட்டும்.

ஈரோட்டு மஞ்சள் மண்டியைத் தெரிந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. விவசாயி மூட்டைகளைக் கிடங்கில் இறக்கிவிட்டுச் சீட்டோடு ஊர் திரும்புகிறார். மூட்டை கிடங்கில் இருக்கிறது. கையில் இருப்பது சீட்டு மட்டுமே. ஜாவாவின் செஷனும் இப்படித்தான். பயனரின் தரவு சர்வரிலேயே இருக்கும். யாராலும் ஊகிக்க முடியாத நீண்ட அடையாள எண் ஒன்றுதான் ‘ஜெசெஷன்ஐடி’ என்ற குக்கியாகப் போய்வரும். குக்கியை ஏற்காத உலாவிகளுக்காக அந்த எண்ணை முகவரியின் வாலில் ஒட்டி அனுப்பும் வழியும் இருந்தது. அது ஆபத்தான வழி. அந்த முகவரியை நண்பருக்கு அனுப்பினால் சீட்டையே கொடுத்ததாகிவிடும்.

ரெக்வெஸ்ட்டுக்குப் பதில் தரும் ஜாவா நிரலான சர்வ்லெட்டைச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1997-ல் வெளியிடும் முன்பு, சிஜிஐ என்ற பழைய முறையில் ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டுக்கும் தனி நிரல் ஓட்டம் ஒன்று பிறந்து மடிந்தது. சர்வ்லெட்டில் ஒரே பொருள் நினைவகத்தில் நிலைத்து நிற்க, பல இழைகள் அதே நேரத்தில் அதனுள் ஓடும். வேகம் கிடைத்தது, கூடவே புதுவகைப் பிழை ஒன்றும் வந்தது. வாடிக்கையாளர் பெயரைச் சர்வ்லெட்டின் புலத்தில் எழுதி வைத்தால், அதே நொடியில் வரும் இன்னொருவர் அதை அழித்து எழுதுவார். ஒருவர் கணக்கு மற்றவர் திரையில் தெரியும். சோதனையில் ஒருவர் மட்டும் ஓட்டிப் பார்க்கும்போது இது தென்படவே தென்படாது. அந்தந்த ரெக்வெஸ்ட்டின் தரவு அந்தந்த ரெக்வெஸ்ட்டோடேயே போக வேண்டும் என்ற விதி இத்தகைய அனுபவத்திலிருந்து வந்தது.

1999-ல் வந்த சர்வ்லெட் 2.2 செஷனில் மதிப்பு வைக்கும் பழைய முறைகளை ஒதுக்கி, ‘செட்ஆட்ரிப்யூட்’, ‘கெட்ஆட்ரிப்யூட்’ என்ற பெயர்களை நிலைநாட்டியது. அதே ஆண்டில் வந்த, பக்கங்களை உருவாக்கும் ஜேஎஸ்பி, தரவின் ஆயுளைப் பக்கம், ரெக்வெஸ்ட், செஷன், முழுச் செயலி என நான்கு எல்லைகளாகப் பிரித்தது. அடுத்த ஆண்டு கிரெய்க் மெக்லனஹன் தொடங்கிய ஸ்ட்ரட்ஸ் என்ற நிரல் சட்டகம், படிவத்தில் வந்த மதிப்புகளைத் தானே ஒரு பொருளில் நிரப்பிக் கொடுத்தது. 2006-ல் ஸ்பிரிங் என்ற இன்னொரு சட்டகத்தின் 2.0 பதிப்பு, ரெக்வெஸ்ட், செஷன் எல்லைகளைத் தான் நிர்வகிக்கும் பொருள்களான பீன்களுக்கே அளித்தது.

செஷனைக் கையாள எளிதாக்கியதும் எல்லாவற்றையும் அதில் போடும் பழக்கம் வளர்ந்தது. இத்துறையில் பரவலான தவறு இது. திருப்பூர் ஏற்றுமதி அலுவலகத்தில் ஒருவர் இரண்டு பனியன் ஆர்டர்களை இரண்டு டேப்களில் திறந்து வைத்திருக்கிறார் என்று கொள்வோம். ‘இப்போதைய ஆர்டர்’ செஷனில் இருந்தால், இரண்டாவது டேப் முதல் டேப்பின் மதிப்பை மூடிவிடும். முதல் டேப்பில் சேமிக்கும் அளவு, நிறம், எண்ணிக்கை எல்லாம் இரண்டாவது ஆர்டரில் போய் விழும். திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஆர்டர் எண்ணை ஒவ்வொரு படிவத்தோடும் அனுப்பி, ரெக்வெஸ்ட்டிலிருந்து எடுப்பதே சரி. ஆள் யார் என்பது செஷனில் இருக்கட்டும். அவர் இப்போது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அங்கே இருக்கக் கூடாது. இடைப்பட்ட தேவைக்காக 2009-ல் ஜாவா ஈஈ 6, ஒரு பணி தொடங்கி முடியும்வரை வாழும் உரையாடல் எல்லையையும், 2011-ல் ஸ்பிரிங் 3.1 அடுத்த ஒரு ரெக்வெஸ்ட்வரை மட்டும் வாழும் ஃபிளாஷ் மதிப்புகளையும் கொண்டுவந்தன.

சர்வர்கள் பலவானபோது மண்டிச் சிக்கலே திரும்பி வந்தது. மூட்டை ஒரு கிடங்கில், சீட்டை நீட்டுவது வேறொரு கிடங்கில். ஒருவரை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்புவது முதல் தீர்வு. அந்தச் சர்வர் விழுந்தால் செஷனும் போகும். செஷனைப் பிற சர்வர்களுக்கு நகலெடுப்பது அடுத்தது. எல்லோருக்கும் பொதுவான நினைவகக் கிடங்கில் வைப்பது மூன்றாவது. 2015-ல் வந்த ஸ்பிரிங் செஷன், ரெடிஸ் என்ற நினைவகத் தரவுக் கிடங்கின் துணையோடு இதை எளிதாக்கியது. இந்தியாவில் இத்தகைய நினைவகக் கிடங்குக்குப் பெரிய சான்று ரயில் முன்பதிவு. ரயில்வேயின் தகவல் அமைப்பான கிரிஸ், இணையத்தில் டிக்கெட் விற்கும் ஐஆர்சிடிசிக்காக 2014-ல் நிறுவிய புதிய முறை, ஜாவாவில் எழுதப்பட்ட ஜெம்ஃபயர் என்ற நினைவகத் தரவுத் தொகுப்பைப் பயன்படுத்தியது. அதன் திறன் நிமிடத்துக்கு 7,200 டிக்கெட் என அறிவிக்கப்பட்டது.

பாதுகாப்பில் ஒரு திருப்புமுனை 2002. தாக்குபவர் தன் செஷன் எண்ணைப் பிறர் தலையில் கட்டி, அவர் உள்நுழைந்ததும் அதே எண்ணைக் கொண்டு தானும் நுழையலாம் என்று ஸ்லொவேனியாவின் மித்யா கோல்ஷெக் விளக்கினார். உள்நுழைவு முடிந்த உடனே எண்ணை மாற்றுவதே இதற்குத் தற்காப்பு. அதற்கான தனி முறை 2013-ல் சர்வ்லெட் 3.1-ல்தான் கிடைத்தது.

தமிழர்க்கு இந்த வரலாற்றில் தனியாக ஒரு பக்கம் உண்டு. எழுத்துக் குறியேற்றம் சொல்லப்படாத ரெக்வெஸ்ட்டைச் சர்வ்லெட் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளாகவே படித்தது. ‘கோவை’ என்ற சொல் யூனிகோடில் நான்கு குறிகள். யுடிஎஃப்-8-ல் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 12 பைட். படிவத்தில் ‘கோவை’ என்று எழுதி அனுப்பினால் தரவுத்தளத்தில் பொருளற்ற 12 குறிகள் போய் உட்காரும். 2001-ல் வந்த சர்வ்லெட் 2.3, ரெக்வெஸ்ட்டின் குறியேற்றத்தை நிரலிலேயே அறிவிக்க வழி தந்தது. ஆனால் எந்த மதிப்பையும் படிப்பதற்கு முன்பே அறிவித்தாக வேண்டும். ஒரு வரி பிந்தினாலும் பயனில்லை. முகவரியில் வரும் சொற்களுக்கு அந்த அறிவிப்பு எட்டாது; சர்வ்லெட்டுகளை ஓட்டும் சர்வரான டாம்கேட்டின் அமைப்புக் கோப்பைத் தனியே திருத்த வேண்டியிருந்தது.

2010 ஜூன் 23 அன்று, கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய நாளில், தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தமிழ்க் குறியேற்றத் தரங்களாக ஏற்று ஆணையிட்டது. ஜாவா பக்கத்தில், 2014-ல் டாம்கேட் 8 முகவரிச் சொற்களை யுடிஎஃப்-8 ஆகப் படிப்பதை இயல்பாக்கியது. 2017-ல் சர்வ்லெட் 4.0, முழுச் செயலிக்குமான ரெக்வெஸ்ட் குறியேற்றத்தை அமைப்புக் கோப்பில் ஒரே வரியில் எழுத இடம் தந்தது. டாம்கேட் 10 முதல் அந்த வரி இயல்பு அமைப்பிலேயே எழுதப்பட்டு வருகிறது.