ஆர்ஃப் தோல் தொற்று: மரபணு வரிசையாக்கத்தின் மூலம் கண்டறிதல்

ஆர்ஃப் என்பது செம்மறி ஆடுகளிலும் வெள்ளாடுகளிலும் வாயைச் சுற்றிப் புண்களை உண்டாக்கும் வைரஸ். நோயுற்ற குட்டிக்குப் புட்டிப்பால் புகட்டும்போது, கையிலுள்ள சிறு கீறல் வழியாக இது மனிதருக்கும் தொற்றக்கூடும். சில நாட்களில் விரலில் சிவந்த கொப்புளம் தோன்றிப் புண்ணாகும்.

இப்புண் சீழ்க்கட்டியையோ, அடைப்பான் எனப்படும் ஆந்த்ராக்ஸையோ ஒத்திருப்பதே சிக்கல். சீழ்க்கட்டி எனக் கருதிக் கீறிவிடுவதும் உண்டு. ஆந்த்ராக்ஸோ தாமதமின்றி மருந்து தர வேண்டிய நோய். ஆகவே ஆடுகளுடன் உங்களுக்குள்ள தொடர்பை, மருத்துவர் கேட்காவிடினும் தெரிவியுங்கள். பல நேரங்களில் அந்த ஒரு செய்தியே நோயைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஐயம் நீடித்தால், புண்ணின் பொருக்கிலிருந்து மாதிரி எடுக்கப்படும். வழக்கமான பாக்டீரியா வளர்ப்புச் சோதனையில் வைரஸ் வளராது. பி.சி.ஆர். சோதனை, மருத்துவர் ஐயுறும் கிருமியை மட்டுமே தேடும். மரபணு வரிசையாக்கமோ மாதிரியிலுள்ள மரபணுத் துணுக்குகளைப் பெருமளவில் படித்து, அறியப்பட்ட கிருமிகளின் தரவுத்தொகுப்புடன் ஒப்பிடுகிறது. எவரும் எதிர்பாராத கிருமியும் இதில் வெளிப்படலாம். தோலில் இயல்பாக வாழும் கிருமிகளின் பெயர்களும் அறிக்கையில் இடம்பெறக்கூடும். அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

ஆர்ஃப் என உறுதியானால், புண் பெரும்பாலும் சுமார் 6 வாரங்களில் தானே ஆறிவிடும். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு அது பெரிதாகலாம். அவர்கள் மருத்துவரின் தொடர் கண்காணிப்பில் இருத்தல் வேண்டும்.