வைகைக்கரை நடுகற்கள்

போரிலும் ஆநிரைப் பூசலிலும் உயிர்விட்டவர்களுக்கு ஊரார் நட்ட நினைவுக் கற்கள் நடுகற்கள் எனப்படும். தமிழகத்தில் எழுத்துப் பொறித்த நடுகற்களுள் மிகப் பழையவை மதுரைக்கு மேற்கே, வைகைப் பள்ளத்தாக்கில் கிடைத்தவை. தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 2006இல் மூன்று கற்களைக் கண்டெடுத்தனர். திண்டுக்கல் மாவட்டத்துத் தாதப்பட்டியில் இன்னொன்று கிடைத்தது. நான்கிலும் உள்ள எழுத்து தமிழி, அதாவது தமிழ் பிராமி. புலிமான்கோம்பைக் கற்களின் காலம் கி.மு. 4 அல்லது 3ஆம் நூற்றாண்டு என்பது தொல்லியல் அறிஞர் கா. ராஜனின் கணிப்பு. அதைப் பின்தள்ளிச் சொல்வோரும் உண்டு.

இக்கற்களின் அருமையை அறிய அழகர்கோவில் பக்கம் ஒருமுறை போய்வர வேண்டும். கிடாரிப்பட்டியை ஒட்டிய அழகர்மலைக் குகைத்தளத்திலும் தமிழிக் கல்வெட்டுகள் உள்ளன. அங்கே பேசப்படுவோர் துறவிகளுக்குக் கொடையளித்தவர்கள்: மதுரைப் பொற்கொல்லர், உப்பு வணிகர், அறுவை வணிகர் போன்றோர். பொருள் படைத்த நகரத்தாரின் அறச்செயல் அது. புலிமான்கோம்பையில் வேந்தன் பெயர் இல்லை, வணிகன் இல்லை, துறவியும் இல்லை. கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்த தீயன் அந்தவனின் கல் இது என்கிறது ஒன்று. வேளூர்ப் பதவன் அவ்வன் என ஊரையும் பெயரையும் சொல்கிறது இன்னொன்று. உருவம் எதுவும் செதுக்கவில்லை, எழுத்து மட்டுமே. மாடு மேய்த்து வாழ்ந்த சிற்றூரார், செத்துப்போன தம் ஆளின் பெயர் அழியக்கூடாது என்பதற்காகவே எழுத்தைக் கையாண்டிருக்கிறார்கள். தமிழகத்தில் எழுத்தறிவு எவ்வளவு ஆழமாக ஊருக்குள் இறங்கியிருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேடுவது கடினம்.

ஆகோள் என்பது மாற்றார் ஆநிரையைக் கவர்வது. மாடே செல்வமாக இருந்த காலத்தில் பட்டியை இழப்பது ஊரின் சோற்றை இழப்பதற்குச் சமம். ஆகவே கவரப் போனவனுக்கும் கல் எழுந்தது, மீட்கப் போனவனுக்கும் எழுந்தது. தொல்காப்பியம் இச்சடங்கை ஆறு படியாக வகுக்கிறது: ஏற்ற கல்லைத் தேடிக் காண்பது காட்சி; கல்லைக் கொள்வது கால்கோள்; நீராட்டுவது நீர்ப்படை; பிறகு நடுதல்; படையலிட்டுச் சிறப்புச் செய்யும் பெரும்படை; கடைசியாக வாழ்த்தல். கல்லை நட்டதோடு ஊரார் ஓய்ந்துவிடவில்லை. கோவலர் வேங்கைப் பூவைப் பனந்தோட்டில் தொடுத்துச் சூட்டியதையும், மயிற்பீலி அணிவித்துப் பெயர் பொறித்ததையும் புறநானூறு காட்டுகிறது. கல்லுக்குரிய மாலையைக் கூட ஊரைச் சுற்றி நின்ற மரங்களே தந்தன.

பிற்காலத்தில் வில்லும் வாளும் ஏந்திய வீரனின் உருவம் கல்லில் ஏறியது. செங்கம் வட்டாரத்தில் இத்தகைய நடுகற்கள் மிகுதி. தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றை 1972இல் நூலாகவே வெளியிட்டது. அவற்றுள் எடுத்தனூர்க் கல் தனித்துப் பேசத்தக்கது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல், எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்திக்கு நட்டது. அவன் அருகே அவனுடைய நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன் என்பதையும், இரு கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்பதையும் எழுதியிருக்கிறார்கள். நாயின் பெயரையும் மறக்காத அந்த ஊரை நாம் வணங்கத்தான் வேண்டும்.

ஊரார் நட்ட கற்கள் இப்படிப் பெயரைக் காத்தன; அரசு வைத்த நினைவுக் கற்கள் அப்படியல்ல. 1914–1918 உலகப் போருக்குப் பின் சென்னை மாகாணத்து ஊர்கள் பலவற்றில் அரசு பளிங்குப் பலகை பதித்தது. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்ற இரண்டு எண்களே அவற்றின் சாரம். பெயர் கிடையாது. அதே போரை ஆஸ்திரேலியாவின் பல்லாரட் நகரம் வேறு விதமாக நினைத்தது. அங்குள்ள ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் பணம் திரட்டி, 1917 முதல் 1919 வரை சாலையின் இருபுறமும் சுமார் 22 கிலோமீட்டர் நீளத்துக்கு மரங்கள் நட்டனர். படையில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு மரம், அதில் அவர் பெயர். பதவி பாராமல் சேர்ந்த வரிசைப்படியே இடம். பளிங்குப் பலகையைவிட இந்த மரச்சாலையே வைகைக்கரை நடுகல்லுக்கு நெருங்கிய உறவு.

தமிழகத்தில் நடுகற்களை இதுவரை காத்துவந்தது பெரும்பாலும் வழிபாடுதான். தருமபுரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் அவை வேடியப்பன் என்று பூசை பெறுகின்றன. பூசை நின்ற இடத்தில் கல் சாய்ந்து, மண்ணில் புதைந்து, எழுத்துத் தேய்கிறது. 1966ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் தொல்லியல் சட்டம், பாதுகாக்கப்பட்டவை என அரசு அறிவித்த சின்னங்களையே தன் காவலுக்குள் கொண்டுவருகிறது. வயல் வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் நிற்கும் மற்ற கற்களுக்கு அந்தந்த ஊராரே காவல்.