'ஆஸ்கர் ரேஸில் நம்ம படம்!'னு ஃபார்வர்டு வந்தா, உடனே ஸ்டேட்டஸ் வைக்கலாமா?

டிசம்பர் வந்துட்டா போதும்... 'ஆஸ்கர் போட்டியில் தமிழ்ப் படம்' என்று ஏதாவது ஒரு செய்தி ஃபேமிலி குரூப்பில் வந்து விழும். 2025 ஜனவரியில் 'கங்குவா'வுக்கு அப்படித்தான் வந்தது. ஒரு பக்கம் கொண்டாட்டம், இன்னொரு பக்கம் மீம்ஸ். இரண்டு தரப்புமே கவனிக்காமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. அது தகுதிப் பட்டியல் மட்டுமே. அதில் 323 படங்கள் இருந்தன!

அமெரிக்காவின் குறிப்பிட்ட ஆறு நகரப் பகுதிகளில் ஏதாவது ஒன்றில், தியேட்டரில் தொடர்ந்து ஏழு நாள் ஓடி, தயாரிப்பாளர் முறைப்படி விண்ணப்பமும் கொடுத்திருந்தால் அந்தப் பட்டியலில் இடம் கிடைத்துவிடும். நாமினேஷன் என்பது வேறு. எக்ஸாம் ஹாலுக்குள் போனதையே பாஸ் ஆனதாகச் சொல்ல முடியாதுல்ல?

நாமினேஷனை முடிவு செய்வது அகாடமி உறுப்பினர்கள், கிட்டத்தட்ட 10,000 பேர். நடிகர்களை நடிகர்கள், எடிட்டர்களை எடிட்டர்கள் என அந்தந்தத் துறைக்காரர்களே பரிந்துரைப்பார்கள். சிறந்த படத்துக்கு மட்டும் எல்லோரும் பரிந்துரைக்கலாம். இறுதிச் சுற்றில் எல்லாப் பிரிவுக்கும் எல்லோரும் ஓட்டுப் போடுவார்கள்.

சிறந்த படத்துக்கான ஓட்டுதான் செம சுவாரஸ்யம். இங்கே அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி என்ற கணக்கு கிடையாது. உங்கள் கேங்கில் 11 பேர் சண்டே எந்தப் படம் போகலாம் என்று பேசுகிறீர்கள் என வையுங்கள். ஆக்‌ஷன் படத்துக்கு 5 ஓட்டு, காமெடிக்கு 4, பேய்ப் படத்துக்கு 2. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. எனவே பேய்ப் படம் அவுட். அதைக் கேட்ட இருவரின் இரண்டாவது சாய்ஸ் என்ன என்று பார்க்கிறோம். இருவரும் காமெடி என்று எழுதியிருந்தால், காமெடிக்கு 6. அதுதான் வின்னர்! சிலர் வெறித்தனமாகக் கொண்டாடி, மற்றவர்கள் வெறுக்கும் படத்தைவிட, எல்லோரும் 'நல்லாருக்கே' என்று சொல்லும் படத்துக்கு இதில் வாய்ப்பு அதிகம். 'இதுக்கா கொடுத்தாங்க?' என்று வருஷா வருஷம் நாம் புலம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சர்வதேசப் படப் பிரிவின் கதை வேறு. ஒரு நாட்டுக்கு ஒரே ஒரு படம்தான். இந்தியாவுக்கு அதைத் தேர்வு செய்வது ஃபிலிம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா. இத்தனை மொழிகளில் படம் எடுக்கும் நாட்டிலிருந்து ஒன்று! 2022-ல் குஜராத்திப் படமான 'செல்லோ ஷோ' தேர்வானது. 'ஆர்.ஆர்.ஆர்' டீம் மற்ற பிரிவுகளில் நேரடியாக விண்ணப்பித்து, 'நாட்டு நாட்டு' பாடலுக்கு ஆஸ்கர் வாங்கியது. 2024-ல் 'லாபத்தா லேடீஸ்' போனது. அதே ஆண்டு கான் விழாவில் கிராண்ட் பிரி வென்ற பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் அஸ் லைட்' போகவில்லை. எனக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறலை.

தமிழிலிருந்து 1969-ல் 'தெய்வமகன்' தொடங்கி 'நாயகன்', 'அஞ்சலி', 'தேவர் மகன்', 'குருதிப்புனல்', 'இந்தியன்', 'ஜீன்ஸ்', 'ஹே ராம்', 'விசாரணை', 'கூழாங்கல்' வரை போயிருக்கின்றன. (கமல் நடித்தவை மட்டும் ஐந்து. எண்ணிக்கோங்க.) ஒன்றும் நாமினேஷன் வரை எட்டவில்லை. இந்தியா அனுப்பியதில் எட்டியவையே மூன்றுதான்... 'மதர் இந்தியா', 'சலாம் பாம்பே', 'லகான்'.

நல்ல படமாக இருந்தால் மட்டும் பத்தாது. உறுப்பினர்கள் அதைப் பார்க்கணும். அதற்காக அங்கே ஸ்கிரீனிங் போடணும், விளம்பரம் கொடுக்கணும், டீம் போய்த் தங்கணும். எல்லாம் டாலரில்! சின்னப் படங்கள் மூச்சு வாங்கி நிற்கிற இடம் இதுதான்.

'கூழாங்கல்' என்ன ஆனது தெரியுமா? பி.எஸ்.வினோத்ராஜின் அந்தப் படம் 2021-ல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வென்றது. அதே ஆண்டு இந்தியா சார்பில் ஆஸ்கருக்கும் போனது. நாம் அதைப் பார்க்க 2023 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் ஓ.டி.டி-யில். வெயிலில் அப்பனும் மகனும் நடக்கிற அந்தப் பொட்டல் காட்டை ஆறு இன்ச் ஸ்கிரீனில்தான் பார்த்தேன். பெரிய திரைக்காகவே எடுத்த ஃபிரேம்கள் அவை. அதனால், விருது சீசனில் நம்மூர் தியேட்டருக்கு இப்படி ஒரு படம் வந்தால், முதல் வார இறுதியிலேயே போயிடுங்க. இரண்டாவது வாரம் ஷோ இருக்கும் என்பதற்கு கேரன்டி இல்லை. டிசம்பரில் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவையும் ஒரு எட்டு பாருங்கள். பிற நாட்டுப் படங்களைப் பெரிய திரையில் பார்க்க அது நல்ல சான்ஸ்.

இனி வரப்போகிற மாற்றங்களில் எனக்குப் பிடித்தது, 2028 விழாவிலிருந்து ஸ்டன்ட் டிசைனுக்கும் ஆஸ்கர். ஃபைட் சீனுக்கு விசிலடித்தே வளர்ந்த நமக்கு இது ரொம்ப லேட்டான நியூஸ்! 2029-லிருந்து விழாவே யூடியூபுக்கு வருகிறது. அங்கே ஞாயிறு மாலை என்றால் நமக்குத் திங்கள் விடியற்காலை. அலாரம் வைக்கும்போதே ஆபீஸில் பெர்மிஷனும் சொல்லி வெச்சுடுங்க.