அடுக்களை முன்கட்டுக்கு வந்த வரலாறு

அமெரிக்கப் பெருநகரங்களைச் சூழ்ந்துள்ள வசதிமிக்க புறநகர்களில், பழுதேதும் இல்லாத சமையலறையை இடித்துப் புதிதாகக் கட்டுவது வழக்கமாகிவிட்டது. கருங்கல் மேடை, ஆறு எரிமுனைகள் கொண்ட உணவக அடுப்பு, அலமாரிகளோடு அலமாரியாக ஒளிந்து நிற்கும் குளிர்பதனப் பெட்டி, நீரைப் பீய்ச்சும் குளியல்தொட்டி என்று செலவு நீள்கிறது. இதனைச் செல்வச் செருக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இதன் வேர் செருக்குக்கு நேர் எதிரான ஓர் அக்கறையில் இருப்பதை நாம் காண்கிறோம். பெண்ணின் உழைப்பைக் குறைக்க வேண்டும் என்பதே அந்த அக்கறை.

1841-இல் இல்லறப் பொருளியல் குறித்து நூலெழுதிய கேத்தரின் பீச்சர், 1869-இல் தம் தங்கை ஹேரியட் பீச்சர் ஸ்டோவுடன் இணைந்து மற்றொரு நூலை வெளியிட்டார். அடிமை முறையைச் சாடிய 'அங்கிள் டாம்ஸ் கேபின்' புதினத்தை எழுதியவர் இந்த ஹேரியட்தான். பணியாட்கள் இல்லாத வீட்டில் ஒரு பெண் எவ்வாறு சமாளிப்பது என்னும் கேள்விக்குச் சகோதரிகள் கண்ட விடை, கப்பலின் சமையற்கூடம். சிற்றிடத்தில் எல்லாப் பொருளும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும். இருபதாம் நூற்றாண்டில் கிறிஸ்டீன் ஃபிரெடெரிக்கும் லில்லியன் கில்பிரெத்தும் தொழிற்சாலைக் கணக்கை அடுக்களைக்குள் கொண்டுவந்து, இல்லத்தரசி நடக்கும் காலடிகளையே எண்ணினர்.

இவ்வெண்ணம் முழு வடிவம் பெற்றது ஜெர்மனியில். 1926-இல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் கட்டடக்கலைஞர் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வரைந்த சமையலறையின் அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைக்கப்பட்டது. அதனை வரையும் வரை தாம் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார்! பின்னர் இஸ்தான்புல்லில் ஆசிரியப் பணியாற்றிய அவர், நாஜிகளை எதிர்க்கும் இயக்கப் பணிக்காக வியன்னா திரும்பி, 1941 முதல் 1945 வரை சிறையில் வாடினார். இன்றைய ஆடம்பர அடுக்களையின் முன்னோர் வரிசையில் இப்படியொருவர் இருப்பது பலரும் அறியாதது.

அமெரிக்காவில் சிக்கனச் சமையலறை வெகுமக்களை எட்டியது, நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் 1947-இல் தொடங்கிய லெவிட்டவுனில். நான்காண்டுகளில் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. முதலில் கட்டப்பட்டவற்றின் பரப்பு ஏறத்தாழ 750 சதுர அடி. குளியலறை ஒன்றே ஒன்று. விளையாடும் பிள்ளைகளைத் தாய் சன்னல்வழியே கவனிக்கும் பொருட்டு அடுக்களை வீட்டின் முன்புறம் வந்தது. ஆனால் தொடக்கக்காலக் குத்தகைப் பத்திரத்தில் ஒரு விதி இருந்தது. வெள்ளை இனத்தவர் அல்லாத எவரும் அவ்வீட்டில் வசிக்கலாகாது. வீட்டு வேலையாளாக இருப்பின் தடையில்லை. அதாவது கறுப்பினப் பெண் அந்த அடுக்களையில் பாத்திரம் துலக்கலாம், அதற்கு உரிமையாளராக முடியாது. இத்தகைய விதிகளை நீதிமன்றங்கள் நிறைவேற்ற இயலாது என்று 1948-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விதி மறைந்தது, வழக்கம் நீடித்தது. ஹேரியட்டின் காலத்திலிருந்து அடுக்களை எவ்வளவு தூரம் வந்திருந்தது என்பதை வாசகர்களே அளந்துகொள்ளலாம்.

1959 ஜூலையில் மாஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கண்காட்சியில், மாதிரி வீடொன்றின் சமையலறை முன் நின்று நிக்சனும் குருஷேவும் வாதிட்டனர். அங்கே காட்டப்பட்டது மாளிகையன்று, சாதாரணத் தொழிலாளி வாங்கக்கூடியது என்று சொல்லப்பட்ட வீடு.

அதன்பின் வீடு பெருத்தது, குடும்பம் சிறுத்தது. புதிய தனிவீடுகளின் சராசரிப் பரப்பு 1973-இல் 1,660 சதுர அடி, 2007-இல் 2,521. இதற்கு இரசனை மட்டும் காரணமன்று. 1986-இன் வரிச் சீர்திருத்தச் சட்டம் மற்ற நுகர்வுக் கடன்களின் வட்டிக்கு இருந்த வரிச் சலுகையைப் பறித்து, வீட்டின் மீது வாங்கும் கடனுக்கு அதனை விட்டுவைத்தது. வீட்டை ஈடாக வைத்துக் கடன் பெறுவது பெருகியது. அதில் ஒரு பகுதி வீட்டைப் புதுப்பிக்கவே சென்றது. உணவக அடுப்பை இல்லத்துக்கேற்ப மாற்றி வைக்கிங் நிறுவனம் விற்கத் தொடங்கியது 1987-இல். குளியலறையின் கதையும் ஏறக்குறைய இதுவே. கலிஃபோர்னியாவில் விவசாயப் பம்புகள் செய்துவந்த ஜக்கூசி குடும்பத்தார், மூட்டுவாதத்தால் துன்புற்ற தம் வீட்டுச் சிறுவனின் நீர்ச்சிகிச்சைக்காகவே குளியல்தொட்டிக்குள் இறக்கும் பம்பை உருவாக்கினர். 1968-இல் அது தொட்டியோடு இணைந்தது. நோயாளிப் பிள்ளைக்குச் செய்த கருவி செல்வரின் அடையாளமாயிற்று.

உழைப்பு குறைந்ததா? 1983-இல் வெளிவந்த தம் நூலில் வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன், கருவிகள் வந்தபோது ஆடவரும் பிள்ளைகளும் பணியாட்களும் செய்துவந்த வேலைகளே குறைந்தன என்றும், தூய்மையின் அளவுகோல் உயர்ந்து தாயின் வேலைநேரம் பெரிதும் குறையாமல் நின்றது என்றும் விளக்குகிறார். அவர் வாதம் வலுவானது என்றே கருதுகிறோம். மேடை நீண்டால் துடைப்பதும் நீளும் அல்லவா?

அமெரிக்கருக்குப் பிரெஞ்சுச் சமையல் கற்பித்த ஜூலியா சைல்ட் தம் கேம்பிரிட்ஜ் வீட்டின் சமையலறையை 2001-இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். அதில் உணவக அடுப்பு உண்டு; 1950-களில் வாங்கி, நாற்பதாண்டுகளுக்கும் மேலாக அவர் சமைத்த அடுப்பு. அவருடைய உயரத்துக்கேற்ப மேடைகள் சற்று உயர்த்தப்பட்டிருந்தன. துளையிட்ட சுவர்ப்பலகையில் ஒவ்வொரு பாத்திரத்தின் வடிவையும் கணவர் கோடிட்டு வைத்திருந்தார், எடுத்தது எடுத்த இடத்திலேயே திரும்பி வரவேண்டும் என்பதற்காக.